மஞ்சள் பொட்டு வைத்த கேசட்டுகள்

"உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது அப்பத்தா?" என்று பேத்தி கேட்டாள்.

நான் பாடின பாட்டுதான் எனக்குப் பிடிக்கும் என்றேன்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிக்கட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பிள்ளைகள் என் குரலைக் கேட்டது கிடையாது. அவர்களுக்கு விவரம் தெரிவதற்கு முன்னாலேயே எனக்குக் கழுத்துக் கட்டிக்கு மதுரையில் ஆபரேஷன் ஆகிவிட்டது. கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம்தான் மிச்சம். பேரன் அதைத் தவளை என்பான். "அக்கா, தவளை கூப்பிடுது, சாப்பிட வா" என்பான். அவன் அம்மா அதட்டுவாள். நான் விட்டுவிடுவேன்.

அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. ஐப்பசி மழை விடாமல் பெய்ததில் மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை. கேபிள் வயர் எங்கேயோ அறுந்து டிவியில் வெறும் புள்ளி ஓடியது. கரண்டு மட்டும் போகவில்லை. மகன் காலை ஷிப்டுக்கு ராஜபாளையம் பஸ் ஏறிவிட்டான். பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்து, அங்கே ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறான். செக்யூரிட்டி என்று சொன்னால்தான் அவனுக்குப் பிடிக்கும். பிள்ளைகள் வடக்கே குவாட்டர்ஸில் வளர்ந்ததுகள். என்னிடம் தமிழில் பேசும், சண்டை என்று வந்தால் இந்தியில் போட்டுக்கொள்ளும்.

காலையிலிருந்து டேப்ரிக்கார்டரில் அதுகளுடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டமார் டமார் என்று ஒரே இடி. வெளியே இடிக்கிறதா உள்ளே இடிக்கிறதா என்று தெரியாமல் நான் ரெண்டு தடவை துணியை எடுக்க ஓடினேன். குறைத்து வை தாயி என்று கெஞ்சின பிறகுதான் பேத்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நீங்க பாடுவீங்களா? நிஜமாவா?"

"கூமாப்பட்டியில போய்க் கேளு."

கூமாப்பட்டிதான் நான் பிறந்த ஊர். நடவு என்றாலும் முளைப்பாரி என்றாலும் நான்தான் முதல் அடி எடுத்துக் கொடுக்கணும். எனக்கு மூத்தவர்கள் இருப்பார்கள், இருந்தாலும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தொட்டில் போட்டு ஏணைப் பாட்டுப் பாட என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானே அடி கட்டிப் பாடுவேன். எழுதப் படிக்க எழுத்துக் கூட்டுகிற அளவுக்குத்தான் தெரியும், ஆனால் பாட்டுக்கு அடி கட்ட யாரிடமும் போய் நின்றது கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னால்தான் என்ன.

"அப்பப் பாடுங்க" என்றான் பேரன்.

"இந்தத் தவளையா? வேண்டாம். பழைய குரலையே கேக்கலாம். உங்கப்பன் பெட்டியில இருக்கு."

அது எப்படி அங்கே போனது என்று சொல்ல வேண்டும்.

மகன் பட்டாளத்தில் சேர்ந்து முதல் லீவில் வரும்போது கேண்டீனில் ஒரு டேப்ரிக்கார்டர் வாங்கி வந்தான். எனக்குக் கடுதாசி எழுத வராது. அவன் அப்பா எழுதினால் "இங்கு அனைவரும் நலம்" என்பதோடு முடித்துவிடுவார். வேறு யாரையாவது எழுதச் சொன்னால் நம் வீட்டுச் சங்கதி தெருவுக்கே தெரிந்துபோகும். "இதுல பேசி அனுப்பும்மா. சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேத்து அமுக்கணும், அம்புட்டுதான்" என்று என் விரலைப் பிடித்து அமுக்கிக் காட்டினான். அந்தக் காலத்தில் பட்டாளத்துக்கும் துபாய்க்கும் பிள்ளைகளை அனுப்பின வீடுகளில் கேசட்டுதான் கடுதாசி. அவனோடு வேலை பார்த்த ஒரு பையன் நம்ம பக்கத்து ஊர் சோழபுரத்துக்காரன். லீவு முடிந்து போகும்போது எங்கள் வீட்டுக்கு வந்து கேசட்டை வாங்கிக்கொண்டு போவான், அடுத்த லீவில் மகன் பேசினதைக் கொண்டுவந்து கொடுப்பான். நடுவில் வேறு யாராவது போனாலும் விடமாட்டேன், அவர்கள் கையிலும் ஒன்று கொடுத்தனுப்புவேன்.

பேசுவதற்கு எனக்கு எம்புட்டு இருக்கும்? மாடு கன்று போட்டது, பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா மகளுக்குக் கல்யாணம், மழை இல்லை. அதற்கு மேல் ஓடாது. அதனால் பாடுவேன். ஞாயிற்றுக்கிழமை அவிய மில்லுக்குப் போக வேண்டியதில்லை. அவிய என்று சொல்வது என் வீட்டுக்காரரை. அவருக்கும் ராஜபாளையத்தில்தான் வேலை, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற மில். அன்றைக்குக் கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு அவர்தான் பொத்தானை அமுக்குவார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்பா பேசுதேன். சௌக்கியம். அம்மா பாடுதா" என்பார். அவ்வளவுதான். பிறகு விரலை நீட்டி என்னைக் காட்டுவார். கோழி கத்தினால்கூட நிறுத்திவிட்டு முதலிலிருந்து பாடுவேன். என் பிள்ளை கேட்கிற பாட்டில் கோழிச் சத்தம் எதற்கு?

வெறும் கேசட்டு வாங்குகிற கடை ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தது. சினிமாப் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை. அந்தக் கடைக்காரர்தான் அவியளுக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். கேசட்டின் முதுகில் ரெண்டு ஓரத்திலும் சின்னதாகப் பல் மாதிரி இருக்கும். அதை நெம்பி உடைத்துவிட்டால் சிவப்புப் பொத்தான் அமுங்காது. அதற்கு மேல் எவனும் அதில் வேறு எதையும் பதிய முடியாது. லாக்கு என்று அவர் சொல்வாராம். எனக்கு அது பல்தான். பாடி முடித்ததும் கொண்டை ஊசியை எடுத்து ரெண்டு பல்லையும் நானே உடைப்பேன். முதல் பக்கம் எது, ரெண்டாம் பக்கம் எது என்று இங்கிலீஷில் போட்டிருப்பது எனக்குத் தெரியாது. அதனால் முதல் பக்கம் ஒட்டியிருக்கிற காகிதத்தில் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைப்பேன், மறுபக்கம் குங்குமம். கட்டுத்துணியில் நாலு சுற்று சுற்றி முறுக்கு டப்பாவுக்குள் வைத்து அனுப்புவேன்.

அவனும் பேசி அனுப்புவான். அவன் அனுப்பின கேசட்டெல்லாம் என் பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில் இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை.

பேத்தி அவள் அப்பனுடைய கறுப்பு இரும்புப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுத்தாள். அடுப்படியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"அத்தே, அதெல்லாம் பழசு. பூசணம் பிடிச்சிருக்கும்."

"தொடச்சிக்கிடலாம்."

"ஓடாது அத்தே. மிஷின்ல சிக்கிக்கிட்டுப் போயிரும்."

"சிக்கட்டும், எடுத்துக்கிடலாம். நீ கொழம்பைப் பாரு."

அவள் உடனே போகவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி செத்த நேரம் நின்றாள். அப்போதே எனக்குத் தட்டியிருக்க வேண்டும். மழைக்கு மந்தமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

பெட்டிக்குள் ஒரு சட்டைத் துணியில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தான். பிரித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பொட்டு அப்படியே இருந்தது. மஞ்சள் வெளிறிப்போய் இருந்தாலும் மஞ்சள்தான், திருப்பினால் குங்குமக் கறை. இதுதான், இதுதான் என்று ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் மடியில் போட்டேன். பொட்டுக்கு மேலேயே நீல மையில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. என் பேரைத்தான் எழுதியிருப்பான் என்று நினைத்தேன்.

"என்ன எழுதியிருக்கு தாயி?"

பேத்தி வாசித்தாள். எனக்கு விளங்கவில்லை. "இந்திப் படம் பேரு அப்பத்தா" என்றாள்.

"அது மேல எழுதினது. உள்ள நான்தான். போடு."

பாய் விரித்து உட்கார்ந்தோம். பேரனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். "மொதல்ல உங்க தாத்தா கனைப்பாரு. பயந்துராதே" என்று சொல்லி வைத்தேன்.

கனைப்பு வரவில்லை. யாரோ ஒருத்தி இந்தியில் கொஞ்சினாள். அவளுக்குப் பின்னால் ஏகப்பட்ட வாத்தியம்.

"தள்ளிப் போடு" என்றேன். பேத்தி தள்ளினாள். வேறு பாட்டு, அதுவும் இந்தி. திருப்பினாள், குங்குமப் பக்கமும் இந்தி. அடுத்த கேசட்டைப் போட்டாள், அதற்கு அடுத்ததைப் போட்டாள். மஞ்சள் பக்கம், குங்குமப் பக்கம், எல்லாவற்றிலும் இந்திக்காரர்கள் ஆணும் பெண்ணுமாகக் கூத்தடித்தார்கள். பேரனுக்கு அதில் ஒரு பாட்டுத் தெரிந்திருந்தது, கூடவே பாட ஆரம்பித்துவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"அப்பத்தா, இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

நான் ஒரு கேசட்டை வாங்கி முதுகைத் தடவிப் பார்த்தேன். நான் பல்லை உடைத்த இடத்தில் குழி இல்லை. வெள்ளைப் பிளாஸ்திரியைச் சின்னதாக நறுக்கி, ஓரம் பிசிறில்லாமல் ஒட்டியிருந்தது. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. அடுத்ததைப் பார்த்தேன், அதிலும் இருந்தது. எல்லாவற்றிலும் ரெண்டு ரெண்டு. குழியை அடைத்துவிட்டால் சிவப்புப் பொத்தான் மறுபடி அமுங்கும் போல.

கை தவறி அமுக்கிவிட்டான் என்று சொல்ல முடியாது. பல் இல்லாத கேசட்டில் கை தவறாது. உட்கார்ந்து, கத்தரி எடுத்து, அளவு பார்த்து ஒட்டியிருக்கிறான். அம்மா இதை அழியாமல் இருக்கத்தான் உடைத்து அனுப்பியிருக்கிறாள் என்று தெரிந்தேதான் ஒட்டியிருக்கிறான்.

மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் கேட்ட பாட்டுங்க அத்தே அதெல்லாம். கல்யாணமான புதுசுல நான்தான் பதியச் சொன்னேன். என்னைத் திட்டுங்க."

"நீ வாரதுக்கு முன்னயும் கேசட்டு அனுப்பியிருக்கேன்ட்டி. அதுலயும் இதே கூத்துதான் ஓடுது. எந்திரிச்சுப் போ."

அவள் அழுதாள். நான் அழவில்லை. மூன்று மணிக்குத்தான் அவன் வருவான். அது வரைக்கும் பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாப்பிடவில்லை. பிள்ளைகள் சத்தம் காட்டாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டதுகள்.

ஏதோ கெட்ட சேதி கேட்டால் மூளை பழசையெல்லாம் புரட்டும் இல்லையா, எனக்கும் புரட்டியது. அவன் பேசி அனுப்பினது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. "ஏணைப் பாட்டு தேஞ்சு போச்சும்மா, இன்னொரு தடவை பாடி அனுப்பு" என்பான். நான் பூரித்துப்போவேன். அவியளிடம் சொல்லிச் சொல்லி மாய்வேன். தேயத் தேயக் கேட்கிறான் என்று புதுக் கேசட்டு வாங்கி வரச் சொல்லி, மறுபடி கதவைச் சாத்திப் பாடுவேன். கழுத்தில் கட்டி வந்து வலித்தபோதும் எச்சிலை முழுங்கி முழுங்கிப் பாடியிருக்கிறேன்.

பாட்டைக் கேட்டானா, கேசட்டைக் கேட்டானா?



மகன் நனைந்துகொண்டே வந்தான். தலையைத் துவட்டினான், சோற்றில் உட்கார்ந்தான். பாயில் கிடந்த கேசட்டுகளைப் பார்த்துவிட்டான். சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். நான் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"என் பெட்டியில பட்டுச் சேலைக்கு அடியில கேசட்டு இருக்கு. மேலாப்பல இருக்கதை எடுத்துப் போடு தாயி."

அவள் போட்டாள். அவனுடைய குரல் வந்தது. இளம் வயசுக் குரல், இன்னும் மீசை முறுக்காத குரல். சுற்றிலும் யாரோ சிரிக்கிற சத்தம். "அம்மா, நல்லாருக்கேன். சோழபுரத்தான் வந்து முறுக்குக் குடுத்தான். உன் பாட்டுதாம்மா எனக்கு எல்லாம். தினமும் படுக்கையில போட்டுக் கேக்கேன். கேக்காட்டா தூக்கம் வராது. ஏணைப் பாட்டை இன்னொரு கேசட்டுல பாடி அனுப்பு..."

பேரனுக்கு ஒரே சந்தோஷம். "அப்பா பேசுறாரு, அப்பா பேசுறாரு" என்றான்.

மகன் கையைச் சோற்றிலிருந்து எடுத்தான்.

"நிப்பாட்டு" என்றான் பேத்தியிடம்.

"ஓடட்டும். இதையும் ஏன் நிப்பாட்டணும்?" என்றேன்.

அவளே பயந்து நிறுத்திவிட்டாள்.

"அம்மா, அங்க கேசட்டுக்கு எங்க போறது? பனி மலையில இருந்தோம். ஒரு ரேடியோகூடச் சரியா எடுக்காது. கூட இருந்தவனுவ பாட்டு வச்சிருந்தானுவ, பதியுறதுக்குக் கேசட்டு வேணும். என்ட்டதான் இருந்துச்சு."

"அதனால?"

"ஒரு தடவை கேட்டிருவேன். முழுசாக் கேட்டுட்டுத்தான்..."

"ஒரு தடவை."

"அதுக்கு மேல முடியாதும்மா. கேட்டா வீட்டு நெனப்பு வந்து அன்னைக்கு வேலையே ஓடாது. நீ இங்கதான இருக்கே. லீவுல வந்தா நேர்லயே பாடப்போறே. உனக்கு இப்படிக் குரல் போகும்னு யாரு கண்டா?"

அது நியாயமாகக்கூட இருக்கலாம். நான் இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளை பனியில் கிடந்தான், ஏதோ ஒரு பாட்டைக் கேட்டான். அழித்ததை நான் பொறுத்திருப்பேன்.

"தினமும் கேக்கேன்னு ஏம்ல சொன்னே?"

அவன் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

"தேஞ்சு போச்சுன்னு சொன்னியே. எது தேஞ்சுது?"

"நீ சந்தோசப்படட்டும்னு சொன்னேன்."

"இன்னொண்ணு பாடி அனுப்புன்னு கேட்டியே. பாட்டுக்காகக் கேட்டியா, கேசட்டுக்காகக் கேட்டியா? அதை மட்டும் சொல்லிரு. நான் வேற ஒண்ணும் கேக்கல."

மருமகள் அவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டுக்கும்தான்" என்று சொல்லியிருந்தால்கூட நான் நம்பியிருப்பேன். அந்தப் பொய்யைச் சொல்லவும் அவனுக்குத் தோன்றவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

சாயங்காலம் நான் விளக்கேற்றும்போது உள்ளே கேசட்டு ஓடுகிற சத்தம். பேத்தி ஒருத்தியே உட்கார்ந்து ஒவ்வொரு கேசட்டாகக் கடைசி வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பாட்டு முடிந்து கேசட்டு மிச்சம் இருந்தால் அதில் பழசு இருக்கும் என்று அவளாக யோசித்திருக்கிறாள். விட்டுவிடு தாயி என்று சொல்லத்தான் போனேன். அவள் விரலை வாயில் வைத்துக் காட்டினாள்.

இந்திப் பாட்டு முடிந்தது. டப் என்று ஒரு சத்தம். அதற்கு அடுத்து,

ஏக்கம் எதுக்கு ராசா, ஏணையில...

"முடியப்போவுது, முடிச்சிரு" என்றது அவியளுடைய குரல்.

"செத்த இருங்க" என்றேன் நான்.

அதோடு கேசட்டு நின்றுவிட்டது.

அவிய செத்து அப்போது ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

"மேக்கு மலை மேல மின்னலடி மின்னுதுன்னு" என்று அதற்கு முந்தின அடி. நான் கட்டினது. அது போயிற்று. "நீ உறங்கு" என்று முடியும். அதுவும் இல்லை. மிஞ்சினது இம்புட்டுதான். பேத்தி சுற்றிப் பின்னால் கொண்டுபோய் மறுபடி போட்டாள், மறுபடியும் போட்டாள். பேரன் ஓடி வந்து, "இது யாரு பாடுறது?" என்றான்.

"தவளை" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டான்.

வாசலில் நின்றவனுக்கும் அது கேட்டிருக்கிறது. உள்ளே வந்தான். நிலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அதை இன்னொரு தடவை போடச் சொல்லேன்" என்றான். நான் மிஷினிலிருந்து கேசட்டை எடுத்தேன். கொண்டை ஊசியை உருவி, முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை ஓரத்தில் நெம்பினேன். வருஷக்கணக்கில் ஒட்டினது, லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி ரெண்டையும் எடுத்தேன். பழைய குழி தெரிந்தது. பட்டுச் சேலைக்கு அடியில் கொண்டுபோய் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன்.

இன்றைக்கும் பிள்ளைகள் கேட்டால் அதை எடுத்துப் போடுவேன். அவன் பஸ் ஏறின பிறகுதான் போடுவோம். பேத்திக்கு இப்போது மேல் அடியும் கீழ் அடியும் தெரியும். முன்னால் அவள் பாடுவாள், நடுவில் நான் கேசட்டில் பாடுவேன், "செத்த இருங்க" என்றதும் அவள் பாடி முடிப்பாள்.

மகன் இடையில் இடையில் கேட்பான். நல்ல நாள் பெரிய நாளென்றால் கட்டாயம் கேட்பான். போன பொங்கலுக்கும் கேட்டான், "ஒரே ஒரு தடவைம்மா" என்று.

"தினமும்தான் கேட்டியேய்யா. அம்புட்டுப் போதாதா?" என்றேன்.